வாய்க்கால் அடைத்த நாளில் ஒரு தடுப்பூசி

ஜீப்

அந்தத் தெருவுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது அங்கே ஆண்கள் ஒருவரும் இல்லை. சற்றுமுன் வரை இருந்திருக்கிறார்கள். எங்கள் ஜீப் சாலையிலிருந்து மண்பாதைக்கு இறங்கிய கணத்தில், தொலைவில் வரப்புகளின் மேல் சிலர் ஓடுவதைக் கண்டேன். நடவுக்காக நீர் கட்டியிருந்த வயல்களில் அவர்களுடைய உருவங்கள் தலைகீழாக ஓடின. பின்னர் நீரும், அதில் கிடந்த வானமும் மட்டுமே எஞ்சின. கனவில் நடப்பதுபோல் ஓசையே இல்லாமல் அது நடந்து முடிந்தது.

"நம்மளப் பாத்து ஏன் ஓடுறாங்க?" என்று அருகில் இருந்த வைத்தியைக் கேட்டேன்.

"நம்மள இல்லம்மா, ஜீப்பப் பாத்து. தூரத்துல வர்றப்ப எல்லா ஜீப்பும் போலீஸ் ஜீப்புதான்" என்றார் அவர்.

வைத்தி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பணியாளர். ஊர் ஊராகச் சென்று அம்மை குத்தியே தலை நரைத்தவர். நானோ மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, நாகப்பட்டினத்திலிருந்து உள்வாங்கிய அந்த நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் மருத்துவர். நிலையத்தை விட்டு வெளியே சென்று நடத்தும் முகாமில் அதுவே எனக்கு முதல் நாள்.

கழக ஆட்சி வேரூன்றிவிட்ட காலம். அலுவலகப் பலகைகளில் தமிழ் புதுச் சாயத்தோடு ஒளிர்ந்தது. கீழத்தஞ்சையின் வயல்களிலோ வேறொன்று கனன்றுகொண்டிருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலி என்ன என்பது பற்றியும், உள்ளூர் ஆட்களை விலக்கிவிட்டு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவது பற்றியும் ஒவ்வொரு பருவத்திலும் பூசல் மூளும். பூசலுக்குப் பின்னால் வழக்கு வரும். வழக்குக்குப் பின்னால் ஜீப் வரும். நாங்கள் சென்ற நடுவாய்க்கால் தெருவில் குடியிருந்தவர்கள் அனைவரும் பண்ணைகளில் உழைக்கும் குடும்பத்தினர். அவர்கள் ஓடியதில் வியப்பு ஏதுமில்லை.

நாங்கள் கொண்டு சென்றது முத்தடுப்பு ஊசி மருந்து. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுப்பது. முத்தடுப்பு என்றுதான் எழுதுவோம். வாய்ப்பேச்சில் எங்கள் எல்லாருக்கும் அது 'டிரிப்பிள்'. வெயில் பட்டால் கெடும்; உறைந்துபோனாலும் கெடும். ஆகவே துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் மீனுக்காக உடைக்கும் பனிக்கட்டியை உமியில் பொதிந்து வாங்கிவந்து, பெட்டியில் நிரப்பி, அதன்மேல் தடித்த துணியை மடித்து விரித்து, துணியின்மேல் குப்பிகளை வைப்போம். பெட்டியைத் திறந்தால் மருந்து வாடைக்கு முன்னால் மீன் வாடை வரும்.

அன்று பூவரச மரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். சற்றுத் தள்ளி நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"போலீஸ்காரங்கன்னு பாத்தா மீன்காரம்மாடி! என்ன மீனுங்க, மத்தியா, காரப்பொடியா?"

அவள் பெயர் அஞ்சலை என்பதைப் பிறகு அறிந்தேன். சிரிப்பு அலையலையாகப் பரவியது. ஆனால் ஒருவரும் அருகில் வரவில்லை.

மேடைத் தமிழ்

என் தந்தையார் திருப்பனந்தாளில் தமிழ் கற்ற புலவர். வீட்டில் பிழையான சொல் ஒன்று நாவில் வந்தால் உணவுத்தட்டை நகர்த்திவைத்துவிட்டுத் திருத்துவார். அப்படி வளர்ந்த எனக்கு, பலர் கூடிய இடத்தில் பேசுவதென்றால் ஒரே ஒரு தமிழ்தான் தெரியும்.

"தாய்மார்களே, இந்த ஊசி உங்கள் குழந்தைச் செல்வங்களைக் கொடிய பிணிகளிலிருந்து காக்கும். நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை" என்று தொடங்கினேன்.

அஞ்சலை கையைத் தட்டினாள். "நல்லாப் பேசுறீங்க டாக்டரம்மா. எந்தச் சின்னம்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, ஓட்டப் போட்டுடுறோம்."

அக்காலத்தில் அத்தகைய தமிழை அம்மக்கள் கேட்டது ஒலிபெருக்கி கட்டிய மேடைகளில்தான். அதன் இனிமையை அவர்கள் விரும்பினார்கள், முழுவதும் கேட்டார்கள், கேட்டதும் வீட்டுக்குப் போனார்கள். என்னையும் அவ்வாறே கேட்டு முடித்தார்கள்.

நான் விட்ட இடத்தை வைத்தி எடுத்துக்கொண்டார். "அட, ஒண்ணும் ஆகாது ஆத்தா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சாயங்காலமே புள்ள எந்திரிச்சு விளையாடும். வாங்க, வாங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. உரத்த குரல் அன்று; ஆனால் அது எழுந்ததும் மற்ற குரல்கள் தாமாக அடங்கின.

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்கண்ணே."

அவர் பாக்கியம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நடவு வயலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவரே. அவர் முதலடி எடுத்தால்தான் வரிசை குனியும் என்பதை வைத்தி முன்பே சொல்லியிருந்தார். அஞ்சலை அவருடைய நாத்தனார்.

"எம் பெரியவனுக்குப் போட்டீங்க. ஒண்ணும் ஆகாதுன்னீங்க. பொழுது சாஞ்சதும் ஒடம்பு அனலாக் கொதிக்குது. எனக்கென்ன தெரியும்? புள்ள போயிடுவான்னு மடியிலயே போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுநா நடவுக்குப் போவல. பண்ணைக் காரியக்காரரு எனக்குப் பதிலா வேற ஆளச் சேத்துட்டாரு. அந்தப் பருவம் பூரா எனக்கு வயலு இல்ல."

"சரி, புள்ளைக்கு அப்புறம் சரியாப் போச்சுல்ல?" என்றார் வைத்தி.

"புள்ளைக்குச் சரியாப் போச்சு. உங்க வார்த்தைக்கு?"

வைத்தி பெட்டியின் மூடியைத் துடைக்கத் தொடங்கினார். அன்று ஒரு குழந்தைக்கும் ஊசி போடவில்லை. பாக்கியத்தின் இடுப்பிலிருந்த குழந்தை, தமிழரசி என்று பெயர், பெட்டியிலிருந்து எழுந்த குளிர்ந்த ஆவியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனது.

சொல்லக் கூடாத சொல்

திரும்பும் வழியில் வைத்தி மனம் நொந்திருந்தார்.

"உள்ளதச் சொன்னா ஒருத்தி வரமாட்டாம்மா. ஒண்ணும் ஆகாதுன்னாத்தான் பாதிப் பேராவது வருவாங்க. இத்தன வருசமா இப்படித்தான் செஞ்சுட்டு வர்றோம்."

"அந்தப் பாதிப் பேரு அடுத்த வருசம் வருவாங்களா வைத்தி?"

வாய்க்கால் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. புதுநீரின் செம்மை அந்தி வெளிச்சத்தில் இன்னும் சிவந்து, எது நீர், எது வானம் என்று பிரித்தறிய இயலாதபடி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த வழியிலேயே முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால் போதும் என்று அந்த வயதில் நம்பினேன்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே மரத்தடி. இம்முறை செந்தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு, எனக்கு வாய்த்த பேச்சுத் தமிழில் நேராகச் சொன்னேன். "இந்த ஊசியப் போட்டா பல குழந்தைங்களுக்குக் காய்ச்சல் வரும்."

சொல்லி முடிக்கவில்லை. பெண்கள் பதறிப்போய்க் குழந்தைகளின் காதுகளைப் பொத்தினார்கள். அஞ்சலை தன் மகனை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று முறை தரையில் துப்பினாள்.

"தூ! தூ! பச்சப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுறீங்க? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? சொன்னாலே வந்துடுமே!"

மரத்தடி நொடியில் வெறுமையானது. பூவரசம் பூ ஒன்று ஐஸ் பெட்டியின் மேல் விழுந்து கிடந்தது. முந்தைய ஆண்டுகளில் பொய் சொன்னபோது பாதிப் பேராவது வந்தார்கள். உண்மையைச் சொன்னபோது ஒருவரும் இல்லை. வைத்தி என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை.

அதே வாரம் ஆற்றுக்கு அப்பால் இருந்த சிற்றூரிலிருந்து ஒருவர் தம் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்தார். சிறுவனின் கழுத்து வீங்கியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையின் உட்புறம் சாம்பல் நிறத்தில் தோல் போல ஒன்று படர்ந்திருந்தது. அவன் மூச்சு, வாய்க்கால் அடைப்புப் பலகையின் இடுக்கு வழியே நீர் கசியும் ஒலியைப் போன்றது. தொண்டை அடைப்பான். ஜீப்பில் ஏற்றி நாகப்பட்டினத்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஜீப் திரும்பி வந்தது. சிறுவன் வரவில்லை.

அன்று முழுவதும் தமிழரசியின் நீட்டிய கை என் கண்ணில் நின்றது. அந்தச் சிற்றூருக்கும் நடுவாய்க்கால் தெருவுக்கும் இடையே இருந்தது ஓர் ஆறு மட்டுமே. நடவுக்கு இருகரை ஆட்களும் ஒரே பரிசலில் வந்துபோனார்கள்.

வாய்க்கால் கரையில்

இம்முறை ஜீப்பை எடுக்கவில்லை. பெட்டியையும் எடுக்கவில்லை. வைத்தியையும் அழைக்கவில்லை. மாலையில் வரப்பு வழியே நடந்தே சென்றேன்.

நடவு முடிந்து பெண்கள் கரையேறியிருந்தார்கள். வாய்க்காலில் இறங்கிக் காலிலும் கையிலும் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பூவரசங்கிளைகளில் தூளிகள் தொங்கின. உள்ளே குழந்தைகள் உறங்கின. காற்று வரும்போது எல்லாத் தூளிகளும் ஒரே திசையில் மெல்ல அசைந்தன. யாரோ ஆட்டுவது போலத் தோன்றும். யாரும் அருகில் இல்லை.

"என்ன டாக்டரம்மா, வண்டியக் காணோம், பெட்டியக் காணோம்?" என்றார் பாக்கியம்.

"ஊசி போட வரல. பேச வந்தேன்."

"பேசவா!" என்றாள் அஞ்சலை. "மேடை போடாமயா?"

நான் மரத்தடியில் அமர்ந்தேன். சொல்லி இருமுறை தோற்றிருந்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கண்டேன். ஒருத்தி, "ஆத்துக்கு அந்தாண்ட அந்தப் பையனுக்கு..." என்று தொடங்கியவள், தூளிகளை ஒருமுறை பார்த்தாள். பேச்சை அப்படியே நிறுத்தினாள். எழுந்து வாய்க்கால் கரையோரமாகத் தள்ளிப் போனாள். மற்றவர்களும் பின்னே போனார்கள். அங்கே நின்றுகொண்டுதான் நோயின் பெயரைச் சொன்னார்கள், குழந்தை இறந்ததைச் சொன்னார்கள், கழுத்து எப்படி வீங்கியிருந்தது என்பதைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசியது காற்றில் என்வரை வந்தது. குழந்தைகளின் காதுக்கு எட்டாத இடத்தில் பேசினார்கள், அவ்வளவே.

அன்று நான் சொன்ன செய்தியை அவர்கள் வெறுக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த தாயிடம், ஊசியையும் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதைத்தான் அவர்களால் தாங்க இயலவில்லை.

எழுந்து கரைக்குப் போனேன். "நானும் இங்க நின்னு பேசலாமா?"

பாக்கியம் சற்றே நகர்ந்து இடம் விட்டார். "இங்க எதையும் பேசலாம். சொல்லுங்க, சூடு வருமா, வராதா?"

"நெறையப் புள்ளைங்களுக்கு வரும். சிலதுக்கு வராது. வந்தா அன்னிக்குச் சாயங்காலம் தொடங்கும், மறுநாள் இருக்கும், அப்புறம் இறங்கிடும். ஊசி போட்ட தொடை வீங்கும். வலியில அழும். பால் குடிக்க அடம்புடிக்கும்."

"இத்தனையும் இருக்கா? வைத்தியண்ணன் எறும்புன்னாரு" என்றாள் அஞ்சலை.

"அந்தச் சூட்டுல புள்ள போயிடுமா?" பாக்கியம் என் முகத்தைப் பார்த்தே கேட்டார். மருத்துவரிடம் ஒரு தாய் கேட்க நினைக்கும் கேள்வி எப்போதும் இது ஒன்றுதான். மற்ற கேள்விகள் எல்லாம் இதன் நிழல்கள். ஆனால் இதைக் கேட்பதற்கான இடத்தை நாங்கள் அமைத்துக் கொடுப்பதே இல்லை.

"இந்தச் சூட்டுல போனதா நான் பாத்ததில்ல. எப்பவாவது ஒரு புள்ளைக்குச் சூடு ஏறி வலிப்பு வரலாம். வந்தாலும் பாத்துக்கலாம். அதுக்காகத்தான் மறுநாள் நானே வருவேன்."

"தொண்ட நோவு வந்தா?"

"அதுக்கு நான் இப்படி வார்த்த சொல்ல முடியாது பாக்கியம். போன வாரம் அந்தப் பையன நான்தான் பாத்தேன்."

கரையில் நின்றிருந்த எல்லாருடைய கால்களிலும் கழுவியும் போகாத சேறு வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"போடுறதுன்னா எப்பப் போடுறது? நடவு ஓடுதே. மறுபடி எவளையாவது என் எடத்துல சேத்துடுவாரு காரியக்காரரு" என்றார் பாக்கியம்.

"எந்த நாள்ல நடவு இல்ல? நீங்களே சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த நாள் என்று அவர்களிடம் கேட்ட அலுவலர் அதற்கு முன் எவரும் இல்லை போலும். அவ்வாண்டு ஆற்றில் நீர் குறைவு. ஒரு வாய்க்காலை அடைத்து அடுத்த வாய்க்காலுக்கு முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவாய்க்கால் அடைபட்ட நாட்களில் வயலில் நீர் நில்லாது, நடவும் நடவாது. யாரும் யாருடைய இடத்தையும் பறிக்க இயலாத நாட்கள் அவை.

"அடைப்பு போட்ட மறுநா வாங்க" என்றார் பாக்கியம். "எல்லாருக்கும் வேணாம். எம் பொண்ணுக்கு மட்டும் போடுங்க. நீங்க சொன்னபடி அதுக்கு அடுத்த நா வர்றீங்களான்னு மத்தவங்க பாக்கட்டும்."

"ஓட்டுக் கேக்க வந்தவங்க மறுநா திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல அண்ணி" என்றாள் அஞ்சலை.

அடைப்பு

ஊசி போட்ட நாளில் பூவரச மரத்தடியில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. வைத்தி மண்ணெண்ணெய் அடுப்பில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கவைத்தார். பழக்கத்தால், "ஒண்ணும் ஆ..." என்று வாயெடுத்தவர், பாக்கியத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராசாத்தி, நீ நல்லா இருப்பே" என்று முடித்தார். தமிழரசி வீறிட்டு அழுதாள். பாக்கியம் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடவுப்பாட்டின் மெட்டைச் சொல்லில்லாமல் முணுமுணுத்தார். அந்த மெட்டு நீரற்ற வயல்களின் மேல் போய்க் கரைந்தது. காய்ச்சல் மாத்திரையைப் பொடித்து மடித்த ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, எப்போது கொடுப்பது என்று கரைக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு?" என்றார்.

"வருவேன்" என்றேன்.

வேலையற்ற அந்த நாட்களையே கூலிப் பேச்சுவார்த்தைக்கும் குறித்திருந்தார்கள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அன்று மாலை பேச்சு முறிந்தது. வெளியூர் ஆட்கள் லாரிகளில் வரப்போகிறார்கள் என்ற செய்தி பரவியது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் மறிப்போம் என்றார்கள். பாக்கியத்தின் கணவர் கோவிந்தனும் சங்கத்தில் முன்னிற்பவர். விடிவதற்குள் தெருவுக்குப் போகும் ஒரே பாலத்தில் போலீஸ் வந்து நின்றுவிட்டது.

காலையில் அவ்வாண்டின் முதல் மழை. ஜீப் ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வேணாம்மா. இன்னிக்கு அந்தப் பக்கம் ஜீப்பு போனா ரெண்டு பக்கமும் கல்லெறிவாங்க" என்றார். அவர் சொன்னது சரியே.

நான் வாசலில் நின்று மழையைப் பார்த்தேன். தமிழரசிக்குக் கொதிக்குமானால் அவளைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் வெளியே வர இயலாது. கோவிந்தன் தலைகாட்டவே இயலாது. நான் போகாவிட்டால், இரண்டாம் முறையாகவும் அவர் மடியில் சுடும் குழந்தையோடு தனியே அமர்ந்திருப்பார். அதற்குப் பின் அந்தத் தெருவில் எந்த மருத்துவரின் வாய்ச்சொல்லும் செல்லாது. ஆற்றுக்கு அப்பாலிருந்த நோய் அதற்காகக் காத்திருக்கவும் செய்யாது.

குடையை விரித்தேன். பின்னால் வைத்தியின் செருமல் கேட்டது.

"போன வருசம் அந்த வூட்டுக்கு நான் திரும்பிப் போவலம்மா. இருங்க, நானும் வர்றேன்."

பாலத்தில் துணை ஆய்வாளர் ஒருவர் மழைக்கோட்டோடு நின்றார். "அம்மா, திரும்பிடுங்க. இன்னிக்கு யாரையும் விடறதில்ல."

"ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். பாக்கணும்."

"விடியக்காலயிலேர்ந்து ஒரு ஈ காக்கா இந்தப் பாலத்தத் தாண்டல. காய்ச்சல்னு உங்களுக்கு யாரு வந்து சொன்னா?"

"யாரும் சொல்லல. வரும்னு நேத்து நான்தான் அவங்களுக்குச் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வைத்தியைப் பார்த்தார். "யோவ், இவங்க டாக்டரா, குறி சொல்றவங்களா?"

"டாக்டருங்கய்யா. ஊசி போட்டிருக்கோம், அதனால வரும்."

"ஊசி போட்டா காய்ச்சல் போவும்னுதான் நான் கேட்டிருக்கேன்." பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பையும் வெப்பமானியையும் புரட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். "என்னய்யா இது, மீன் வாடை?"

"ஐஸுங்கய்யா" என்றார் வைத்தி.

அவருக்கு அதற்கு மேல் கேட்பதில் விருப்பமில்லை. "போங்க. ரோட்டுல வேணாம், வரப்புல போங்க. சீக்கிரம் திரும்பிடுங்க."

வரப்பில் நடந்தோம். மழையில் கரைகள் யாவும் அழிந்து உலகம் முழுவதும் ஒரே வெளிறிய நீராக இருந்தது. நாங்கள் நடக்கிறோமா, நின்ற இடத்திலேயே நிற்க வயல்கள் நகர்கின்றனவா என்று தெரியவில்லை. கொக்குகள் எங்களுக்காக எழவில்லை. பயம் என்று ஒன்று இருந்ததாக இப்போது நினைவில் இல்லை. அந்தக் குழந்தையின் உடல் எவ்வளவு சுடும் என்ற ஒரே எண்ணம், மழையின் ஓசையோடு சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது.

தெருவின் விளிம்பில், மரத்தடியில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். லாரி வருகிறதா என்று பார்க்க நின்றார்களா, நாங்கள் வருகிறோமா என்று பார்க்க நின்றார்களா, அறியேன். பாக்கியத்தின் தோளில் தமிழரசி இருந்தாள். நான் ஓடிப்போய்க் கழுத்தில் கை வைத்தேன். சுடுவதுபோல் இருந்தது; மழையில் குளிர்ந்த என் கைக்கு அப்படித் தோன்றுகிறதோ என்று வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்.

காய்ச்சல் இல்லை.

"ராத்திரியும் வரல டாக்டரம்மா" என்றார் பாக்கியம். "தொடை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு. நல்லாத் தூங்குனா. நான்தான் தூங்கல, தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

காய்ச்சல் வரும் என்று சொல்லி, காவலைக் கடந்து, நனைந்து வந்து நிற்கிறேன். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுக்கிறது. அஞ்சலை சாக்குக்குள்ளிருந்து உரக்கச் சிரித்தாள்.

"ரெண்டு பேரு வர்றதாச் சொன்னாங்க. காய்ச்சல் வரல. டாக்டரம்மா வந்துட்டாங்க!"

மழைக்குள் எல்லாரும் சிரித்தார்கள். வைத்தியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான் கொடுத்த பொட்டலம், பிரிக்கப்படாமல், நனையாமல் இருந்தது. என்னிடம் திருப்பித் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைக் கடந்து அதை அஞ்சலையின் கையில் வைத்தார்.

"இந்தா, வெச்சுக்க. அடைப்பு எடுக்குறதுக்குள்ள ஒம் புள்ளைக்குப் போட்டுடலாம்."

அஞ்சலை பொட்டலத்தைப் பார்த்தாள். தன் மகன் உறங்கிய குடிசையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை வாய்க்கால் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "வாங்க இந்தாண்ட. எம் மவனுக்கு என்னென்ன வரும்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

பின்னர்

அவள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. நன்றாகவே வந்தது. நாங்களும் போனோம். அந்தத் தெருவில் சில குழந்தைகளுக்குச் சுட்டது. சில குழந்தைகளுக்குச் சுடவில்லை. பூசல் தணிந்து பாலத்துக் காவல் விலகிய பின்னரும் ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். மாதம் ஒன்றாக மூன்று முறை போடவேண்டிய மருந்து அது. மூன்று முறையும் வாய்க்கால் கரையில் முதலில் பேசி, வேலை இல்லாத நாளைத் தாய்மாரே சொல்ல, மறுநாள் வீடு வீடாகச் சென்று பார்த்தோம். வைத்தி தெருவின் ஒரு பாதி, நான் மறுபாதி. அறுவடைக்கு முன் தொண்டை அடைப்பான் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வந்தது. ஊரின் பெரிய தெருவில் ஒரு வீட்டில் நுழைந்தது. நடுவாய்க்கால் தெருவில் ஒரு குழந்தையையும் அது தொடவில்லை. சிறு தெரு ஒன்றை வைத்து அறிவியல் பேசலாகாது என்பதை அறிவேன், நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது குழந்தை மருத்துவத்தில் புதிதாக அடியெடுத்து வைப்போர் என்னிடம், "பெற்றோர் கைப்பேசியில் எதையெதையோ படித்துவிட்டு வந்து ஊசி வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்பேன். "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னோம்" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நாளேனும் அவர்களோடு பேசுங்கள். அவர்கள் மிக அஞ்சும் கேள்வியை வாய்விட்டுக் கேட்க ஓர் இடம் கொடுங்கள். வரக்கூடியது எதையும் மறைக்காதீர்கள். எல்லாவற்றையும் சொன்ன பிறகு, சொன்ன நாளில் அந்த வீட்டுக்குப் போய் நில்லுங்கள். போக இயலாவிடில் நீங்களே அழைத்துக் கேளுங்கள். பெற்றோர் முதலில் நம்புவது மருந்தை அன்று. அது குப்பிக்குள் இருக்கிறது, அவர்களால் அதைப் பார்த்து ஒன்றும் அறிய இயலாது. திரும்பி வரும் ஆளை அவர்களால் பார்க்க இயலும்.

ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. மழை பெய்யும் விடியல்களில், உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையே, அந்த வரப்பில் நடந்துகொண்டிருப்பேன். எல்லாப் பக்கமும் வெளிறிய நீர். தொலைவில் மரத்தடியில் சாக்கு போர்த்த உருவங்கள். குழந்தைக்குச் சுடுகிறதா, இல்லையா, எனக்குத் தெரியாது. நான் வருவேன் என்பது அவர்களுக்குத் தெரியும். நடந்துகொண்டிருக்கிறேன்.